திருமுக்கூடல் ஆதுலசாலையும் முடக்குவாத நோயாளர்தம் வீட்டுக் காயங்களும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், சோழ மன்னன் வீரராசேந்திரன் (ஆட்சி 1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உள்ளது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்த அக்கல்வெட்டு, கோயிலின் வருவாயையும் விழாச் செலவுகளையும் வேதம் பயின்ற மாணாக்கரின் பள்ளியையும் விடுதியையும் பற்றிச் சொல்லிவிட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயர் தாங்கிய ஆதுலசாலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவையும் நெல்லாகவும் காசாகவும் கணக்கிட்டுத் தருகிறது. ஆதுலசாலை என்பது நோயுற்றோர் தங்கி மருத்துவம் பெறும் இடமாகும். பதினைந்து பேர் படுத்திருக்க இடமும், அவர்களில் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசியும், இரவு முழுதும் எரியும் விளக்கொன்றும் அங்கே ஏற்பாடாகியிருந்தன.

இன்று முடக்குவாதத்தோடு வாழ்பவர் தம் வீட்டில் வெட்டுப்பட்டும் சுட்டுக்கொண்டும் வழுக்கி விழுந்தும் படும் காயங்களைப் பற்றிப் பேசப் புகும் உரை ஒன்று ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டு பழைய கல்வெட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அக்கல்வெட்டில் காணப்படும் மருந்துகள் அல்ல, ஆட்களே ஆவர். நோய் தீர்க்கும் பணி ஒருவரால் ஆகக்கூடியதன்று என்பதை அக்கணக்கு தெளிவாக உணர்ந்திருந்தது. உள்நோய் பார்க்கும் மருத்துவர் ஒருவரும், அறுவை செய்யும் சல்லியக் கிரியையாளர் ஒருவரும், பச்சிலையும் விறகும் கொண்டுவந்து மருந்து ஆக்குவோர் இருவரும், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவரும், நாவிதர் ஒருவரும், தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவரும் ஆகத் தனித்தனி வேலைக்குத் தனித்தனி ஆள் குறிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய நெல் அளந்து வைக்கப்பட்டது. வீட்டிலோ, இத்தனை பேர் செய்த வேலைகளையும், தானே நோயாளியாக இருக்கும் ஒரு பெண் பெரும்பாலும் தனியாகவே செய்துகொண்டிருக்கிறாள்.

முடக்குவாதம் என்று மக்கள் வழங்குவதும் ருமட்டாய்டு மூட்டழற்சி என்று மருத்துவர் குறிப்பதும் ஆன நோய், வயதால் மூட்டு தேய்வதனால் வரும் வலியினின்று அடிப்படையிலேயே வேறானது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தி அதற்கு வழவழப்பான நீரைச் சுரந்து தரும் மென்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதால், அச்சவ்வு தடித்து வீங்கி, நாளடைவில் அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து, மூட்டைப் பிடித்துவைக்கும் தசைநார்களையும் தளர்த்திவிடுகிறது. இரு கைகளிலும் ஒரே வகையாக மணிக்கட்டுகளும் விரல்களின் அடிக்கணுக்களும் நடுக்கணுக்களும் வீங்குவதும், பாதவிரல்களின் அடிப்பகுதி நோவதும், விடிந்தபின் ஒரு மணி நேரமோ அதற்கும் மேலாகவோ கைகால்கள் மடங்க மறுப்பதும் இதன் அடையாளங்கள். இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயரை 1859இல் இலண்டன் மருத்துவர் ஆல்பிரட் கராட் இட்டார். ஆயினும் இதையொத்த நிலையை ஆமவாதம் என்று வகுத்துரைத்த மாதவ நிதானம் என்னும் ஆயுர்வேத நூல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. தில்லியை அடுத்த கிராமங்களில் மாளவீயா குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது என்பதும், குடும்பப் பொறுப்பு முழுவதும் தலைமேல் இருக்கும் நடுவயதிலேயே பெரும்பாலும் தொடங்குகிறது என்பதும், வீட்டுக் காயம் பற்றிய எந்தப் பேச்சிலும் விடாமல் நினைவிற்கொள்ள வேண்டியவை.

காலையில் மூட்டு இறுகியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களை நிரப்பித் தூக்குவதும், பால் காய்ச்சுவதும், பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோருக்குச் சோறும் குழம்பும் ஆக்கிக் கட்டித் தருவதும், அன்றாட வேலைகளில் மிகக் கடினமானவை அனைத்தும், விடியலுக்கும் எட்டு மணிக்கும் இடையிலேயே குவிந்து கிடக்கின்றன. கை மிகக் குறைவாக உதவும் பொழுதும் கையிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் பொழுதும் ஒன்றாகிவிடுகின்றன. காயம் நேர்ந்தபின் ‘கவனம் போதாது’ என்று வீட்டார் சொல்வதும், நோயாளியே அதை நம்பித் தன்னைக் கடிந்துகொள்வதும் எங்கும் கேட்கும் பேச்சு. ஆனால் கவனம் எவ்வளவுதான் இருந்தாலும், பிடியில் வலுவில்லாத கை கொதிக்கும் பானையை ஏந்தும்போது பானை நழுவத்தான் செய்யும். அங்கே குறைவது கவனமன்று, விரலின் வலுவே.

கஞ்சி வடித்தலை எடுத்துக்கொள்ளலாம். உலையில் வெந்த சோற்றுப் பானையின் வாயைத் தட்டால் மூடி, துணியால் இருபுறமும் இறுக்கிப் பிடித்து, பானையைச் சாய்த்துக் கொதிகஞ்சியை வடிக்கும்போது, இரண்டு கட்டைவிரல்களும் தட்டை அழுத்தியபடி இருக்க, மற்ற விரல்கள் பானையின் விளிம்பைக் கவ்வ, இரு மணிக்கட்டுகளும் முழுப் பாரத்தையும் தாங்கியபடி திரும்பவேண்டியிருக்கிறது. முடக்குவாதம் முதலில் கெடுப்பது இந்த மூன்றையுமே. தட்டு ஒரு விரற்கடை விலகினாலும் கஞ்சி கையிலும் வயிற்றிலும் தொடையிலும் கொட்டும். சேலையும் பாவாடையும் சூட்டை உடலோடு ஒட்டவைத்துப் புண்ணை ஆழமாக்கும். அரிவாள்மனையின் இடர் வேறு வகைப்பட்டது. அதைக் காலால் அமுக்கிக் குந்தி உட்காரவேண்டியிருப்பதால் முழங்காலும் கணுக்காலும் நோகின்றன. நோவு தாங்காமல் உடல் அசையும்போது மனை புரள்கிறது. காயைத் தள்ளும் விரல்கள் மடங்காமல் நீண்டு நிற்பதால் அலகுக்கு நேரே போகின்றன. காது இல்லாத எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடக் காப்பியைப் பிடிப்பதும், வலுவெல்லாம் திரட்டிக் குக்கர் மூடியைத் திருகுவதும், ஈரத் தரையில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் இத்தகையவையே.

சுடுவதை உணராமல் சுட்டுக்கொள்ளும் நிலையும் உண்டு. மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் ஒரு நார்ப்பட்டைக்கும் இடையிலான குறுகிய பாதை வழியே, கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு தரும் நரம்பு செல்கிறது. சவ்வு வீங்கும்போது அப்பாதை நெருக்கப்பட்டு, அவ்விரல்கள் மரத்துப்போகின்றன. அத்தகைய கை, தோசைக்கல்லின் விளிம்பில் பட்டதைத் தாமதமாகவே அறிகிறது.

இவ்விடத்தில் வேலூரில் நடந்த ஒரு மருத்துவ வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் எல்லாரும் கொண்டிருந்த கருத்தை ஐயுற்று, அவர்களுடைய அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். உணர்விழந்த கையால் சூடான பாத்திரத்தைத் தொடுவதும், கருவிகளை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிப்பதும், அவற்றால் வந்த புண்கள் கவனிக்கப்படாமல் சீழ்ப்பிடிப்பதுமே விரல்களை அழித்தன என்று அவர் கண்டார். உறங்கும்போது எலிகள் கடித்த விரல்களும் அவற்றுள் இருந்தன. அதை அறிந்தபின், வீடு திரும்பும் நோயாளரிடம் பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. தொழுநோயும் முடக்குவாதமும் இயல்பில் வேறுபட்டவை. பின்னதில் உணர்வு பெரும்பாலும் மிகுந்தே இருக்கிறது, மேற்சொன்ன நரம்பு நெருக்கத்தில் மட்டுமே குறைகிறது. ஆயினும் வேலூரில் அறியப்பட்டது இங்கும் பயன்படும்: நோயின் கணக்கில் எழுதப்படும் சேதத்தில் ஒரு பகுதி உண்மையில் அடுப்படியிலும் குளியலறையிலும் நேர்ந்த சேதமாகும், அது நோயைப் போலன்றித் தடுக்கத்தக்கது.

பட்டு நெசவு நடக்கும் வீட்டில் இந்தச் சேதத்துக்கு இன்னும் ஒரு வாயில் திறக்கிறது. காஞ்சிபுரத்திலும் சுற்றூர்களிலும் தறி பெரும்பாலும் வேறிடத்தில் இல்லை. அது வீட்டின் கூடத்திலேயே, தரையில் தோண்டிய குழியின்மேல் இருக்கிறது. நெசவாளர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி, கையால் நாடாவை ஓட்டுகிறார். உடலின் நிறம் ஒன்றும் கரையின் நிறம் ஒன்றுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மறுபக்கத்தில் ஓர் உதவியாளும் வேண்டும். அந்த உதவியாள் பல வீடுகளில் மனைவியோ மகளோ ஆவார். இழை சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், ஒரு பாவு முடிந்து அடுத்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பதும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிச் செய்யும் நுண்பணிகள். விரற்கணு வீங்கியவருக்கு இவ்வேலை மெல்ல மெல்லக் கைவிட்டுப் போகிறது என்பது ஒருபுறம் இருக்க, காயம் என்ற நோக்கில் பார்த்தால் தறிக்குழியே பெரிய இடராகும்: அதிலிருந்து எழும்போது முழங்கால் கைகொடுக்காமல் விளிம்பில் விழுவதும், இருட்டில் குழி தெரியாமல் கால் இடறுவதும் எளிதில் நேரக்கூடியவை. சாயமிடும் வீடுகளில், கொதிநீர்த் தொட்டியில் கழிகளில் தொங்கவிட்ட பட்டை ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதும் அவ்வாறே. தொழிலிடக் காயமா வீட்டுக் காயமா என்ற பகுப்பு இந்த ஊர்களில் செல்லாது. இப்படிப்பட்ட காயம் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, வீட்டு விபத்தென்று எண்ணப்படுவதும் இல்லை.

மருந்துகளும் காயத்தின் போக்கை மாற்றுகின்றன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்ட்டிசோனை ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தி, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்ததைக் கண்டார். 1950இல் அவருக்கும் எட்வர்ட் கெண்டலுக்கும் டாடியுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டீராய்டு எனப்படும் அவ்வகை மருந்து பல ஆண்டுகள் தொடர்ந்தால், தோல் மெலிந்து, சிறு உரசலில் கிழிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது. எலும்பின் அடர்த்தி குறைந்து, நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே இடுப்போ மணிக்கட்டோ முறிகிறது. இன்று முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மூட்டு அரிப்பைத் தடுப்பதில் பெரும்பயன் உடையது. ஆனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்பவரின் புண்ணில் கிருமி புகுந்தால், வழக்கமான காய்ச்சலும் சிவப்பும் வலியும் தெளிவாகத் தோன்றாமலேயே அது உள்ளே பரவக்கூடும். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து நாள்தோறும் தவறுதலாக எடுத்துக்கொண்டால், வாய்ப்புண்ணில் தொடங்கி இரத்த அணுக்களின் உற்பத்தியே நின்றுபோகும் அளவுக்கு உயிருக்கு இடர் நேரும். வீட்டு விபத்துகளின் வரிசையில் இதுவும் ஒன்றாக எண்ணப்படவேண்டும்.

காயம் பட்டவுடன் செய்யவேண்டியவற்றில், சூட்டுப்புண்ணைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனெனில் வழிவழியாகச் செய்யப்பட்டுவரும் தவறுகள் அதில்தான் மிகுதி. மாவு, பற்பசை, மை, காப்பித்தூள், மஞ்சள், நெய் இவற்றில் எதையும் புண்மேல் பூசலாகாது. இவை சூட்டை உள்ளே அடைத்துவைப்பதோடு, பின்னர் மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவும் தடையாகின்றன. குழாயிலோ செம்பாலோ ஊற்றும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் புண்மேல் ஓடவிடுவதே முதல் மருத்துவம், பனிக்கட்டி ஆகாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், மெட்டி, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடவேண்டும். முன்பே வீங்கியிருக்கும் கணுவின்மேல் புதிய வீக்கமும் சேர்ந்தால் மோதிரம் விரலின் இரத்தவோட்டத்தை நெரித்துவிடும்; இதனால் முடக்குவாதம் உள்ளவர் எளிதில் கழலும் நகைகளையே அணிவதும், கழலாமல் போன மோதிரத்தை நல்ல நாளிலேயே வெட்டி எடுத்துவிடுவதும் நல்லது. ஆகிவந்த நகையை வெட்ட மனம் வராது என்பது உண்மைதான், ஆயினும் விரல் அதனினும் அரியது. கைமேல் பட்ட சூட்டுப்புண் சிறியதாகத் தோன்றினாலும், கொப்புளம் எழுந்திருந்தால், சுத்தமான பருத்தித் துணியால் தளர மூடி மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆறும்போது தோல் சுருங்கி, ஏற்கெனவே மடங்கிக்கொண்டிருக்கும் விரலை மேலும் மடக்கிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

வெட்டுக்காயத்தில், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடிப்பது போதும். விரலுக்கு அழுத்த வலுவில்லையெனில் உள்ளங்கையாலோ முன்கையாலோ அழுத்தலாம். ஸ்டீராய்டால் மெலிந்த தோல் கிழிந்து மடிந்திருந்தால், அதைப் பிய்த்தெறியாமல், ஈரத் துணியால் மெல்ல விரித்து இருந்த இடத்தில் படியவைத்து, தோலோடு ஒட்டாத கட்டுத்துணியை இடவேண்டும். பசையுள்ள பிளாஸ்திரி எடுக்கும்போது இன்னும் சிறிது தோலையும் உரித்துக்கொண்டுதான் வரும். பத்து ஆண்டுக்கொருமுறை போட்டுக்கொள்ளவேண்டிய இரணஜன்னித் தடுப்பூசியின் நாளை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் வைத்திருப்பது, காயம் பட்ட இரவில் எழும் குழப்பத்தைக் குறைக்கும். கிருமித்தொற்றுக்கு வேறொரு மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ மாத்திரை வாங்க நேர்ந்தால், மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வதை முதற்சொல்லாகச் சொல்லவேண்டும். கோட்ரைமாக்சசோல் என்னும் மிகப் பரவலான கிருமிக்கொல்லி அதனோடு சேரும்போது எலும்பு மச்சை செயலிழக்க நேரிடலாம். தொற்று நீங்கும்வரை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவரே. குறிப்பாக, நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

விழுந்தவர் விஷயத்தில் நேரும் பெரும்பிழை, புதிய வலியைப் பழைய வலியென்று கொள்வதே. ‘எப்போதும் இருக்கும் வாதந்தான்’ என்று நோயாளியும் வீட்டாரும் இரண்டு மூன்று நாள் பொறுத்திருக்கும் வேளையில், முறிந்த எலும்பு விலகிவிடுகிறது. மூட்டுகள் பல நோகும்போது ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சிவந்து சூடாகி அசைக்கவே முடியாமல் போனால், அது நோயின் ஏற்றமன்று, மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலை அது. கழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நெடுநாள் முடக்குவாதத்தில், தலையைத் தாங்கும் முதலிரண்டு கழுத்தெலும்புகளைப் பிணைக்கும் நார் தளர்ந்திருக்கக்கூடும்; அப்படிப்பட்டவரின் கழுத்தை நெட்டி முறிப்பதும், சுளுக்கு வழிக்கிறேன் என்று திருகுவதும் தண்டுவடத்தை நசுக்கிவிடும். விழுந்தபின் கழுத்து வலியோ கைகால் மரப்போ தோன்றினால் அவரைத் தூக்கி உட்காரவைக்காமல், கிடந்த நிலையிலேயே விட்டு, 108 ஆம்புலன்சை அழைப்பதே முறை.

வைத்தியம் என்றதும் எண்ணெயும் கட்டும் நினைவுக்கு வருவது இப்பகுதியில் இயல்பு; திருமுக்கூடல் கல்வெட்டிலேயே ஓராண்டுக்கென இருப்பு வைக்கப்பட்ட ஏறத்தாழ இருபது மருந்துகளில், தசமூல அரீதகியும் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த இலசுனாதி ஏரண்ட தைலமும் காணப்படுகின்றன. வாத நோய்களுக்கு ஆமணக்கெண்ணெய் நெடுங்காலமாக வழங்கிவருவது என்பதால், அந்த ஆதுலசாலையில் மூட்டுநோயாளர் சிலரும் படுத்திருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு; அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. இன்றைய நோயாளி சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் நாடுவாராயின், இரு மருத்துவரும் ஒருவர் தருவதை மற்றவர் அறிந்திருக்கவேண்டும். கல்லீரலைச் சோதித்துக்கொண்டே தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டோடு, இன்னதென்று தெரியாத பொடிகள் சேரலாகாது.

இனிக் காயம் நேராமல் காத்தல் பற்றி. கைத்தொழில் மருத்துவர் எனத்தக்க ஒரு துறையினர் உண்டு. நோயாளி அன்றாட வேலைகளை எவ்வாறு மாற்றிச் செய்யலாம் என்று வகுத்துத் தருவதே அவர்கள் பணி. சிறு மூட்டின் பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுவதும், பாத்திரத்தை விளிம்பில் கிள்ளிப் பிடிக்காமல் இரு உள்ளங்கைகளின்மேல் ஏந்துவதும், கதவை விரலால் தள்ளாமல் தோளால் தள்ளுவதும் அக்கொள்கையின் பயன்பாடுகள். கஞ்சி வடிக்கும் வேலையை அறவே நீக்கிவிடலாம்: சிறிய அளவில் குக்கரில் வைப்பதோ, துளையிட்ட உள்பாத்திரத்தில் அரிசியை இட்டு வெந்ததும் அதை மட்டும் தூக்கிவிடுவதோ, கரண்டியால் சோற்றை வாரி எடுத்துவிடுவதோ, எது வீட்டுக்கு ஒத்துவருமோ அதைக் கொள்ளலாம். வடித்த சோற்றின் சுவை குக்கர்ச் சோற்றில் இல்லை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லக்கூடும். வடித்த சோறு வேண்டுவோர் வடிக்கக் கற்றுக்கொள்வதில் தடையொன்றும் இல்லை. அரிவாள்மனைக்கு மாற்றாக, நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, பருத்த கைப்பிடியுள்ள கத்தியால் வழுக்காத பலகைமேல் நறுக்கலாம். மெல்லிய காம்புள்ள கரண்டிகளுக்கும் துடைப்பத்துக்கும் பழைய துணியைச் சுற்றி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிப் பருமனாக்குவதற்குச் செலவே இல்லை. பூண் போட்ட கைப்பிடியுள்ள கோப்பை, டம்ளருக்கு மாற்றாகும். குளியலறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும், குந்தும் கழிப்பறையின்மேல் வைக்கும் ஒரு நாற்காலியும், தறிக்குழியின் ஓரத்தில் கைதாங்கும் ஒரு கட்டையும், இரவில் எரியும் ஒரு சிறு விளக்கும் பல முறிவுகளைத் தடுக்கும். பழைய ஆதுலசாலைக் கணக்கில் இரவு விளக்குக்கெனத் தனியே எண்ணெய் ஒதுக்கப்பட்டிருந்தது. நோயாளி இருட்டில் எழுந்து நடக்கவேண்டியவர் என்பதை அதை எழுதியோர் அறிந்திருந்தனர் போலும்.

ஆனால் பொருள்களை மாற்றுவது எளிய பாதி. வேலை யார் கையில் இருக்கிறது, எந்நேரத்தில் செய்யப்படுகிறது என்பதை மாற்றுவதே அரிய பாதி. காலை மருந்தை எழுந்தவுடன் உட்கொண்டு, வெந்நீரில் கைகளை வைத்து, மூட்டுகள் தளரும்வரை ஒரு மணி நேரம் அடுப்பின் பக்கம் போகாமலிருக்க நோயாளிக்கு உரிமை வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பால் காய்ச்சுபவரும் தண்ணீர் பிடிப்பவரும் வேறொருவராக இருக்கவேண்டும். நறுக்குவதையும் அரைப்பதையும் பிற்பகலுக்கு மாற்றலாம். இவை அறிவுரைகளாகச் சொல்லப்படும்போது எவரும் மறுப்பதில்லை. எழுதி ஆள் குறிக்கப்படும்போதே நடைமுறைக்கு வருகின்றன.

கல்வெட்டுக் கணக்கு இங்கே மீண்டும் பயன்படுகிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். பச்சிலை கொணரும் இருவருக்கும் சேர்த்து 60 கலம் நெல்லும் 2 காசும். நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம் நெல்லும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். பன்னிரண்டு குறுணி ஒரு கலம், எட்டு நாழி ஒரு குறுணி என்னும் அளவின்படி பார்த்தால், மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணியும், பேணும் பெண் ஒருத்திக்கு அரைக் குறுணி, அதாவது நான்கு நாழியும் கிடைத்தன. அவள் பெற்ற நெல் மருத்துவர் பெற்ற நெல்லில் ஆறில் ஒரு பங்கு. அந்த ஆதுலசாலை முதன்மையாகக் கோயிற் பணியாளருக்கும் வேத மாணாக்கருக்கும் உரியதாக அமைந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அங்கே பேணும் வேலை செய்த பெண்ணுக்கே விரல் வீங்கினால் அவளுக்குப் படுக்கை கிடைத்ததா என்பதற்குக் கல்வெட்டில் விடை இல்லை. ஆயினும் பேணுதல் ஒரு வேலை, அதற்கு ஆளும் கூலியும் உண்டு என்று அக்கணக்கு ஒப்புக்கொண்டது. பிற்கால வீடுகள் அந்த நான்கு நாழியையும் நீக்கிவிட்டு, வேலையை மட்டும் வைத்துக்கொண்டன.

திருமுக்கூடல் அமைந்த மாவட்டத்தின் தலைநகராகிய காஞ்சிபுரத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவியரின் கணக்கில் மாதந்தோறும் 1000 ரூபாய் செலுத்துகிறது. ஊதியமின்றிச் செய்யப்படும் வீட்டு வேலைக்கு அரசு தரும் ஏற்பு அது. அத்தொகையில் ஒரு பகுதி, நோயுள்ள பெண்ணின் வீட்டில் குடம் தூக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் துணைக்கோ, ஒரு கைப்பிடிக் கம்பிக்கோ செல்லுமானால் அது வீண்செலவாகாது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகை ஊனங்களை ஏற்கிறது; முடக்குவாதம் அப்பெயரால் அதில் இடம்பெறாவிடினும், அதனால் விளையும் இயக்கக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின் சான்றிதழ் பெற வழியுண்டு. கைகால் கோணியபின்னும் பல பெண்கள் அதை நாடாமலிருப்பதற்கு, வீட்டு வேலை செய்ய இயலாமை ஊனமாக எவராலும் எண்ணப்படாததே முதற்காரணம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்கின்றனர். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளரும் அதே வாசலுக்கு வருகிறார். அவ்வாறு செல்வோர், முடக்குவாத நோயாளி உள்ள வீட்டில் மூட்டை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அடுப்பின் உயரத்தையும், தண்ணீர் பிடிக்கும் இடத்தையும், குளியலறைத் தரையையும், கூடத்தில் தறிக்குழி இருந்தால் அதன் விளிம்பையும் பார்த்து, சென்ற முறை வந்தபின் நேர்ந்த சூட்டுப்புண், வெட்டு, வீழ்ச்சி ஆகியவற்றைக் கேட்டு அட்டையில் குறித்து, காலை வேலைகளில் எது யாருக்கு மாற்றப்பட்டது என்பதையும் வீட்டார் முன்னிலையில் எழுதிவைப்பார்களாயின், அதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவைப்படாது. அட்டையில் நான்கு வரி கூடுதலாக இருந்தால் போதும்.